ஏஎம்டி ‘டூப்ளிகேட்’டா? க்ளோன் ப்ராசஸர்களும் சாக்கெட் சண்டையும்

கேள்வி: கிருஷ்ணகிரியில் சின்ன கம்ப்யூட்டர் விற்பனை, சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். மாங்கூழ் ஆலை ஆபீஸ்கள், போட்டோ ஸ்டூடியோக்கள், இ-சேவை மையம் நடத்துபவர்கள்தான் வாடிக்கை. ஏஎம்டி போட்டுக் கொட்டேஷன் கொடுத்தால், “அது இன்டெல் டூப்ளிகேட்தானே, சூடாகுமே” என்கிறார்கள். அது காப்பியடித்த கம்பெனிதானா? சைரிக்ஸ் என்றெல்லாம் முன்பு இருந்தனவாமே, அவை ஏன் காணாமல் போயின? இப்போது புதிதோ செகண்ட்ஸோ வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்?

பதில்:

டூப்ளிகேட் இல்லை. இன்டெல் தன் கையாலேயே உரிமம் எழுதிக் கொடுத்து, பிறகு கொடுத்ததற்கு வருத்தப்பட்டு, வருடக்கணக்கில் கோர்ட்டுக்கு இழுத்தும் பிடுங்க முடியாமல் போன உரிமையில் நிற்கிற கம்பெனி ஏஎம்டி. இதை வாடிக்கையாளருக்கு விளக்கிக்கொண்டிருக்க நேரம் இருக்காதுதான். ஆனால் நீங்கள் தெரிந்துவைத்திருந்தால், எந்த போர்டில் எந்த ப்ராசஸர் உட்காரும், எது உட்கார்ந்தும் ஓடாது என்கிற குழப்பம் பாதி தீர்ந்துவிடும். இந்தச் சண்டையில் ஜெயித்தவர், தோற்றவர் யார் என்பது சிப்பின் வேகத்தைவிட, அது போர்டில் உட்காரும் குழியான சாக்கெட்டில்தான் முடிவானது.

‘ஒத்துப்போவது’ என்பதற்கு மூன்று அடுக்கு உண்டு. முதலாவது, கட்டளைத் தொகுப்பு. கூட்டு, கழி, இங்கிருந்து அங்கே நகர்த்து என்று புரோகிராம் சொல்வதை ப்ராசஸர் ஒரே மாதிரி புரிந்துகொள்ள வேண்டும். எக்ஸ்86 என்பது அந்த மொழியின் பெயர். இரண்டாவது, பஸ். எந்தக் கம்பியில் எந்த நேரத்தில் என்ன சிக்னல் வரும் என்று போர்டோடு செய்துகொண்ட ஒப்பந்தம். மூன்றாவது, சிப்பின் கால்களும் (பின்கள்) வோல்டேஜும். விண்டோஸுக்கும் டேலிக்கும் முதல் அடுக்கு போதும். மற்ற இரண்டும் போர்டின் கவலை. இன்றைய ஏஎம்டி முதல் அடுக்கில் மட்டும் இன்டெலோடு ஒத்துப்போகிறது. 1997 வரை க்ளோன்காரர்கள், அதாவது இன்டெல் சிப்புக்குப் பதிலாகப் போடக்கூடிய சிப் செய்தவர்கள், மூன்றிலும் ஒத்துப்போனார்கள்.

ஆரம்பம் 1981. ஐபிஎம் தன் பிசிக்கு இன்டெலின் 8088 சிப்பை எடுத்தது. வேகம் 4.77 மெகாஹெர்ட்ஸ். ஒரே சப்ளையரை நம்பி இறங்க ஐபிஎம் தயாராக இல்லை. இதே சிப்பைச் செய்ய இன்னொருவரும் வேண்டும் என்றது. அந்தக் காலத்துச் சிப் வியாபாரத்தில் அது சாதாரண நிபந்தனைதான். 1982-ல் இன்டெலும் ஏஎம்டியும் பத்து வருடத் தொழில்நுட்பப் பரிமாற்ற ஒப்பந்தம் போட்டன. 8086, 8088, 286 எல்லாம் அந்த வழியில் ஏஎம்டி செய்தவை. யாரும் திருடவில்லை. 286-ஐ இன்டெல் விற்றதைவிட அதிக வேகத்தில் ஏஎம்டியும் ஹாரிஸ் என்ற இன்னொரு கம்பெனியும் விற்றன. இன்டெலுக்கு உறுத்த ஆரம்பித்தது அங்கேதான்.

1985-ல் 386 வந்தபோது கதவைச் சாத்தினார்கள். இந்தச் சிப்பை நாங்கள் மட்டும்தான் செய்வோம் என்றது இன்டெல். ஏஎம்டி ஒப்பந்தத்தைக் காட்டி நடுவரிடம் போனது. தீர்ப்பு 1992-ல் ஏஎம்டி பக்கம் வந்தது: 1 கோடி டாலர், கூடவே 386-க்கான உரிமை. கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றம் 1994 கடைசியில் அதை உறுதி செய்தது. அடுத்த மாதமே இரண்டு கம்பெனிகளும் வழக்குகளை முடித்துக்கொண்டன. இதற்கிடையில் 1991 மார்ச்சிலேயே ஏஎம்டியின் 386 சந்தைக்கு வந்துவிட்டது. இன்டெலின் 386 அதிகபட்சம் 33 மெகாஹெர்ட்ஸ், ஏஎம்டியுடையது 40. அதே கால், அதே போர்டு, விலை குறைவு. ‘386’ எங்கள் வணிகப் பெயர் என்று இன்டெல் போட்ட வழக்கும் அதே மாதம் தோற்றது. எண்ணுக்கு வணிக உரிமை கிடைக்காது என்று தெரிந்தபிறகுதான் 586 என்று வர வேண்டியது 1993-ல் ‘பென்டியம்’ ஆனது. நம் ஊரில் பல வருடம் எந்தக் கம்ப்யூட்டரையும் ‘பென்டியம்’ என்று சொல்லிக்கொண்டிருந்தோமே, அந்தப் பெயரே க்ளோன்காரர்களைத் தள்ளிவைக்கப் பிறந்ததுதான்.

உரிமம் இல்லாமலே செய்தவர்கள் வேறு வகை. ஜப்பானின் என்இசி 1984-ல் வி20 என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஐபிஎம்மின் எக்ஸ்டி ரக மெஷினைத் திறந்து, 40 கால் உள்ள 8088-ஐ நெம்பி எடுத்துவிட்டு வி20-ஐச் செருகினால் போதும், வேறு எதையும் தொடாமல் மெஷின் கொஞ்சம் வேகமாக ஓடும். சிப்புக்குள் எழுதப்பட்ட மைக்ரோகோடு (ஒவ்வொரு கட்டளையையும் எப்படிச் செய்வது என்ற உள்குறிப்பு) எங்களுடையது என்றது இன்டெல், விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. 1989-ல் வந்த தீர்ப்பு இரு தரப்புக்கும் ஒன்று கொடுத்தது. மைக்ரோகோடுக்குக் காப்புரிமை (காப்பிரைட்) உண்டு, அது இன்டெலுக்கு. என்இசி காப்பியடிக்கவில்லை, அதோடு இன்டெல் தன் சிப்களில் காப்புரிமை அறிவிப்பு சரியாகப் போடாமல் விட்டதால் அந்த உரிமையையே இழந்தது, இது என்இசிக்கு. வெளி நடத்தை ஒன்றாக இருக்கலாம், உள்வேலை சொந்தமாக இருக்க வேண்டும் என்ற பாதை அங்கே திறந்தது.

அந்தப் பாதையில் அழகாக நடந்தது சைரிக்ஸ். 1988-ல் டெக்சாஸில் தொடங்கிய சின்ன கம்பெனி. முதலில் இன்டெலின் 387-க்குப் பதிலான கணக்குச் சிப், பிறகு 1992-ல் 486எஸ்எல்சி, 486டிஎல்சி. சொந்த ஆலை கிடையாது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ், எஸ்ஜிஎஸ்-தாம்சன், ஐபிஎம் ஆகியவற்றின் ஆலைகளில் அடித்து வாங்கியது. அதில் ஒரு சட்டச் சூட்சுமம் இருந்தது. அந்த ஆலைக்காரர்களிடம் ஏற்கெனவே இன்டெலின் பேட்டன்ட் உரிமம் இருந்தது. உரிமம் உள்ளவர் செய்து விற்ற பொருளின் மீது மறுபடியும் பேட்டன்ட் கேட்டு வர முடியாது என்று அமெரிக்க நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டன.

ஆனால் சட்டத்தில் ஜெயிப்பதும் போர்டில் ஓடுவதும் ஒன்றல்ல. 486டிஎல்சி ஒரு நல்ல பாடம். அது 386 போர்டிலேயே உட்காரும், 486 கட்டளைகளைப் புரிந்துகொள்ளும், உள்ளே 1 கிலோபைட் கேஷ் (அடிக்கடி தேவைப்படும் டேட்டாவைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் குட்டி மெமரி) உண்டு. சிக்கல் அந்தக் கேஷில்தான். 386-க்குள் கேஷே கிடையாது. ஆகவே அந்த போர்டுகளுக்கு ‘மெமரியில் டேட்டா மாறிவிட்டது, உன் கேஷைக் காலி செய்’ என்று ப்ராசஸரிடம் சொல்லத் தெரியாது. ஃப்ளாப்பியோ சில டிஸ்க் கன்ட்ரோலர்களோ டிஎம்ஏ வழியாக, ப்ராசஸரைக் கேட்காமல் நேரடியாக மெமரியில் எழுதும்போது, ப்ராசஸர் கேஷில் இருக்கும் பழைய டேட்டாவையே படித்துக்கொண்டிருக்கும். விளைவு, ஃபைல் கெட்டுப்போகும். பழைய போர்டில் கேஷை அணைத்து ஓட்டினால் பத்திரம், ஆனால் அப்புறம் எதற்கு அந்தச் சிப்? முதல் அடுக்கும் மூன்றாவது அடுக்கும் பொருந்தி, இரண்டாவது பொருந்தாமல் போனால் இப்படித்தான் ஆகும். இந்த வகைக் கோளாறு உடனே தெரியாது, நாலு நாள் கழித்து டேட்டா கெட்ட பிறகே தெரியும் என்பதுதான் கொடுமை.

பிறகு சாக்கெட் 7 காலம், க்ளோன்காரர்களின் பொற்காலம். ஒரே போர்டில் இன்டெல் பென்டியம், ஏஎம்டி கே5, கே6, சைரிக்ஸ் 6எக்ஸ்86, ஐடிடி வின்சிப் எல்லாம் உட்காரும். போர்டில் வோல்டேஜையும் வேகத்தையும் குறிக்கும் குட்டி இணைப்பான ஜம்பரை மாற்றினால் போதும். ஜம்பரைத் தப்பாகப் போட்டாலும் கதை முடிந்தது. பழைய பென்டியத்துக்கு 3.3 வோல்ட், பென்டியம் எம்எம்எக்ஸுக்கு 2.8, கே6-ல் 166-க்கும் 200-க்கும் 2.9, அதே கே6-ல் 233-க்கு 3.2, கே6-2-க்கு 2.2. முன்பு இருந்த சிப்பின் 3.3-ஐ அப்படியே விட்டுவிட்டு 2.2 வோல்ட் சிப்பைச் செருகி ஆன் செய்தால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. ‘ஏஎம்டி போட்டேன், எரிந்துபோச்சு’ என்ற பேச்சில் ஒரு பங்கு இந்த ஜம்பர்களுடையது.

சைரிக்ஸ் 6எக்ஸ்86 பிஆர்200+ என்று எழுதியிருந்தால் உள்ளே ஓடுவது 150 மெகாஹெர்ட்ஸ். பென்டியம் 200-க்குச் சமமான வேலை செய்யும் என்பது அந்த ‘பிஆர்’ எண்ணின் பொருள். டைப்பிங், கணக்கு, டேட்டாபேஸ் போன்ற முழு எண் வேலைகளில் அது பொய்யில்லை. தசமக் கணக்கில்தான் அடி வாங்கியது. பென்டியத்தின் தசமக் கணக்குப் பகுதி, ஒரு கணக்கு முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கிவிடும். சைரிக்ஸில் ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. 1996-ல் வந்த குவேக் விளையாட்டு பென்டியத்தின் அந்தக் குணத்தை நம்பியே எழுதப்பட்டது. அதில் சைரிக்ஸ் தடுமாறியதும் ‘ஸ்லோ ப்ராசஸர்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டது. கணக்குப் பிள்ளைக்கு வாங்கிய மெஷினுக்கும் அந்தப் பட்டம் போய்ச் சேர்ந்ததுதான் அநியாயம். இன்னொரு சிக்கல்: பிஆர்200+ கேட்டது 75 மெகாஹெர்ட்ஸ் பஸ். பல போர்டுகளில் கார்டுகள் செருகும் பிசிஐ பாதை அதில் பாதியாக, 37.5-ல் ஓடும். முறைப்படி 33. சில கார்டுகளும் ஹார்ட் டிஸ்க்குகளும் அந்த வேகத்தில் முரண்டு பிடித்தன. பழி விழுந்தது ப்ராசஸர் மேல்.

முதல் அடுக்கிலும் நூற்றுக்கு நூறு யாரும் ஒத்துப்போகவில்லை. 6எக்ஸ்86-ல் ‘நீ யார்’ என்று கேட்கும் சிபியுஐடி கட்டளை அணைக்கப்பட்ட நிலையில் வந்தது. சில புரோகிராம்கள் அதை 486 என்று எடுத்துக்கொண்டு ஓட மறுத்தன. விண்டோஸ் 95-ல் இன்னும் வேடிக்கை. ஒரு சுழற்சி எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று அளந்துபார்க்கும் பகுதி அதில் இருந்தது. கே6-2 அந்த ‘லூப்’ கட்டளையை மிக வேகமாக முடித்துவிடும். 350 மெகாஹெர்ட்ஸுக்கு மேல் போனால் அளந்த நேரம் பூஜ்யமாகி, பூஜ்யத்தால் வகுக்கப் போய், மெஷின் பூட் ஆகும்போதே ‘ப்ரொடெக்ஷன் எரர்’ காட்டி நிற்கும். தனியாக ஒரு பேட்ச் போட வேண்டியிருந்தது. தப்பு சிப்புடையதல்ல, வேகமாக ஓடியதுதான் அதன் குற்றம்.

‘ஒரிஜினல்’ என்பதால் தப்பே வராது என்பவருக்கு 1994-ஐ நினைவூட்டலாம். பென்டியத்தின் வகுத்தல் அட்டவணையில் சில இடங்கள் விடுபட்டுப்போயின. 41,95,835-ஐ 31,45,727-ஆல் வகுத்தால் 1.33382 வர வேண்டும், 1.33373 வந்தது. சிப்களை மாற்றிக் கொடுக்க இன்டெல் ஒதுக்கிய தொகை 47.5 கோடி டாலர்.

இனி முக்கியமான திருப்பம். 1997 மே மாதம் பென்டியம் 2 வந்தது. சாக்கெட் 7-ல் உட்காரும் சதுரச் சிப்பாக வரவில்லை, கருப்பு டப்பா மாதிரி ஒரு கார்ட்ரிட்ஜ். அதற்கு ஸ்லாட் 1 என்ற 242 தொடுமுனைகள் கொண்ட நீளமான செருகு இடம். உள்ளே ஓடிய பஸ்ஸின் மீது இன்டெல் பேட்டன்ட் வைத்திருந்தது. கட்டளைத் தொகுப்பைப் பூட்ட முடியவில்லை, எண்ணைப் பூட்ட முடியவில்லை, வீட்டு வாசலைப் பூட்டிவிட்டார்கள். போர்டுக் கம்பெனிகள் மெல்ல ஸ்லாட் 1 பக்கம் நகர்ந்தன. சாக்கெட் 7-ஐ நம்பியவர்கள் 100 மெகாஹெர்ட்ஸ் பஸ், கிராபிக்ஸ் கார்டுக்கான ஏஜிபி சேர்த்து ‘சூப்பர் சாக்கெட் 7’ என்று ஒட்டுப்போட்டு இரண்டு மூன்று வருடம் தள்ளினார்கள். மலிவு விலைச் சந்தைக்கு இன்டெல் 1998-ல் செலரானை இறக்கியது. முதலில் வந்தது இரண்டாம் நிலை (எல்2) கேஷ் இல்லாத சப்பை, ஆனால் ஆகஸ்டில் வந்த செலரான் 300ஏ-வில் சிப்பிலேயே 128 கிலோபைட் எல்2 கேஷ், முழு வேகத்தில். க்ளோன்காரர்கள் நின்றிருந்த கடைசிப் படியும் போனது.

சைரிக்ஸை 1997-ல் நேஷனல் செமிகண்டக்டர் வாங்கியது, 1999-ல் தைவானின் வியா வாங்கியது. ஆலை இல்லாததன் விலையையும் அது கொடுத்தது: சிப் அடித்துக் கொடுத்த ஐபிஎம் அதே 6எக்ஸ்86-ஐத் தன் பெயரிலும் விற்றது. ஐடிடி தன் பிரிவை வியாவிடம் தள்ளியது. ரைஸ் என்று ஒன்று வந்ததே பலருக்குத் தெரியாது. 2000-ல் ஆரவாரமாக வந்த டிரான்ஸ்மெட்டாவும் சில வருடங்களில் ஒதுங்கிக்கொண்டது.

அப்போது ஏஎம்டி மட்டும் எப்படித் தப்பியது? நெக்ஸ்ஜென் என்ற சின்ன கம்பெனியை வாங்கியது முதல் காரணம். நெக்ஸ்ஜென் 1994-ல் போட்ட சிப் நம் சந்தூர் ஒட்டு மாங்கன்று மாதிரி. வெளியே எக்ஸ்86, உள்ளே முற்றிலும் வேறு ரக எளிய கட்டளைகளாக உடைத்து ஓட்டும். அதற்கென்று தனி சாக்கெட், தனி போர்டு கேட்டதால் விற்கவில்லை. நெக்ஸ்ஜென் அதற்கு அடுத்ததாக வைத்திருந்த வடிவமைப்பை ஏஎம்டி சாக்கெட் 7-க்குப் பொருத்தி 1997-ல் கே6 ஆக்கியது. அதே வகை மூளை, பொதுவான கால், உடனே விற்றது. இரண்டாவது, இன்டெல் வாசலைப் பூட்டியதும் ஏஎம்டி தனக்கென்று வாசல் வைத்தது. டிஜிட்டல் கம்பெனியின் ஆல்ஃபா ப்ராசஸருக்கான இவி6 பஸ்ஸை உரிமம் வாங்கி, 1999-ல் ஆத்லானை ஸ்லாட் ஏ-வில் இறக்கியது. பார்க்க ஸ்லாட் 1 மாதிரியே இருக்கும், ஆனால் திருப்பி வைத்த அமைப்பு, சிக்னலும் வேறு. 2000 மார்ச் 6-ல் 1 கிகாஹெர்ட்ஸை முதலில் தொட்டது அதுதான், இன்டெல் இரண்டு நாள் கழித்து வந்தது. அன்றிலிருந்து ஏஎம்டி க்ளோன் இல்லை. இரண்டாவது, மூன்றாவது அடுக்குகளில் அது இன்டெலை விட்டு விலகிவிட்டது.

முதல் அடுக்கில் நடந்தது இன்னும் சுவாரசியம், இதை வாடிக்கையாளர் முன்னாலேயே செய்து காட்டலாம். இன்டெல் ப்ராசஸர் உள்ள விண்டோஸ் மெஷினில் கமாண்ட் ப்ராம்ப்டைத் திறந்து ‘செட் ப்ராசஸர்’ என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். ஆர்கிடெக்சர் என்ற வரியில் ‘ஏஎம்டி64’ என்று வரும். அதற்கு அடுத்த வரியிலேயே ‘இன்டெல்64’ என்று ப்ராசஸரின் அடையாளமும் வரும். காரணம் இதுதான்: 32 பிட்டிலிருந்து 64 பிட்டுக்குப் போக இன்டெல் இட்டேனியம் என்ற முற்றிலும் புதிய மொழியை முன்வைத்தது. பழைய எக்ஸ்86 புரோகிராம்கள் அதில் நத்தை வேகத்தில் ஓடின. ஏஎம்டியோ எக்ஸ்86-ஐயே 64 பிட்டாக நீட்டி 2003-ல் ஆப்டெரானையும் ஆத்லான் 64-ஐயும் கொடுத்தது. மைக்ரோசாஃப்ட் அதை ஏற்றது. 2004-ல் இன்டெலும் அதே நீட்சியைத் தன் சிப்பில் போட்டது. இன்று உங்கள் கடையில் இருக்கும் ஒவ்வொரு கோர் ஐ3-யும் 64 பிட் விஷயத்தில் ஏஎம்டி வகுத்த கட்டளைகளைத்தான் பின்பற்றுகிறது.

நல்ல சிப் இருந்தும் ஏஎம்டி மெஷின்கள் பெரிய பிராண்டுகளில் ஏன் அவ்வளவு குறைவாக வந்தன என்று கேட்பீர்கள். மாங்காய் சீசனில் ஒரு ஆலை மண்டிக்காரரிடம், “உன் லோடில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து எனக்கே வந்தால் டன்னுக்கு இவ்வளவு கூட, குறைந்தால் மொத்தத்துக்கும் கிடையாது” என்று சொன்னால் என்ன நடக்கும்? இன்னொரு ஆலை அந்த மீதி ஐந்துக்கு மேல் ஒரு டன் கேட்டாலும், மண்டிக்காரர் முழு லோடுக்கான கூடுதலையும் இழக்க வேண்டும். ஐரோப்பிய ஆணையம் 2009-ல் இன்டெல் மீது சொன்ன குற்றச்சாட்டு இந்த ரகம். எச்பி தன் அலுவலக டெஸ்க்டாப் ப்ராசஸர்களில் 95 சதவீதம் இன்டெலிடமே வாங்க வேண்டும், என்இசி 80 சதவீதம் என்று தள்ளுபடிக்கு நிபந்தனை போடப்பட்டது என்றது ஆணையம். அபராதம் 106 கோடி யூரோ. இன்டெல் விடவில்லை. 2022-ல் ஐரோப்பியப் பொது நீதிமன்றம் தள்ளுபடி தொடர்பான பகுதியை ஏற்காமல் அபராதத்தை ரத்து செய்தது, மீதிப் பகுதிக்கு மட்டும் 2023-ல் ஏறத்தாழ 37.6 கோடி யூரோ மறுபடி விதிக்கப்பட்டது. ஏஎம்டி தனியாகப் போட்ட வழக்கு 2009-லேயே 125 கோடி டாலருக்குச் சமரசமானது. அதே சமரசத்தில் பேட்டன்ட் பரிமாற்றமும் புதுப்பிக்கப்பட்டது. இரண்டில் ஒரு கம்பெனி கைமாறினால் அந்தப் பரிமாற்றம் முடிந்துவிடும் என்று ஷரத்து உண்டு. ஆகவே பணம் உள்ள யாரோ ஏஎம்டியை வாங்கி எக்ஸ்86 செய்துவிடலாம் என்பது நடக்காது. புதிதாக இறங்க நினைப்பவர்கள் உரிமமே கேட்காத ரிஸ்க்-ஃபைவ் என்ற திறந்த கட்டளைத் தொகுப்பின் பக்கம் போகிறார்கள், சென்னை ஐஐடியின் சக்தி ப்ராசஸர் அந்த வழிதான்.

சூடு விஷயம். அந்தப் பேச்சுக்கு அடிப்படை இருந்தது. 2000, 2001-ல் வந்த ஆத்லான்களில் சிலிக்கான் மூடியில்லாமல் வெளியே தெரியும். ஹீட் சிங்க்கைக் கொஞ்சம் சாய்த்து மாட்டினால் மூலை உடையும். ஹீட் சிங்க் கழன்றால் தன்னைத்தானே காப்பாற்றிக்கொள்ளத் தெரியாமல் சில நொடிகளில் கருகும். அதே நிலையில் பென்டியம் 4 வேகத்தைக் குறைத்துக்கொண்டு தப்பிக்கும். அது இருபது வருடத்துக்கு முந்தைய கதை. இன்று இன்டெலின் ஐ5-12400-ம் ஏஎம்டியின் ரைசன் 5 5600-ம் இரண்டும் 65 வாட் வகை. 2024-ல் வோல்டேஜ் ஏறிச் சிப் கெட்டுப்போகிற சிக்கலில் மாட்டி, வாரன்டியை இரண்டு வருடம் நீட்டியது 13, 14-ம் தலைமுறை இன்டெலுக்குத்தான். நம் பக்கம் உண்மையில் சூடாக்குவது கிரானைட் தூசி. பாலிஷ் பட்டறைப் பக்கத்து ஆபீஸ்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஹீட் சிங்க் இறகுகளை ஊதிச் சுத்தம் செய்யுங்கள். ஊதும்போது ஃபேனை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும், சுழன்றால் பேரிங்கும் போகும், போர்டுக்குக் கரன்டும் திரும்பும்.

இனி வாங்குவது. ப்ராசஸரின் பெயரைவிட சாக்கெட்டின் ஆயுளைப் பாருங்கள்.

இன்டெலில் குழி ஒன்றாக இருப்பது போதாது. எல்ஜிஏ 1151 என்ற சாக்கெட்டில் இரண்டு வகை உண்டு. 6, 7-ம் தலைமுறைக்கு 100, 200 வரிசை போர்டு. 8, 9-ம் தலைமுறைக்கு 300 வரிசை. சிப் அழகாக உட்காரும், டிஸ்ப்ளே வராது. எல்ஜிஏ 1200-ல் 10-ம் 11-ம் தலைமுறைகள் உட்காரும், ஆனால் பெரும்பாலான எச்410, பி460 போர்டுகளில் 11 ஓடாது. எல்ஜிஏ 1700-ல் 12, 13, 14 மூன்றும் போகும், பயாஸ் (போர்டைத் தொடக்கிவைக்கும் உள்மென்பொருள்) புதிதாக இருக்க வேண்டும்.

ஏஎம்டியின் ஏஎம்4 ரைசன் 1000 முதல் 5000 வரை ஓடிய நீண்ட ஆயுள் சாக்கெட். 2017-ல் வாங்கிய ஏ320 போர்டில்கூட, கம்பெனி பயாஸ் கொடுத்திருந்தால், 5600 போடலாம். எதிர்த்திசையில் பொறி உண்டு. பி550, ஏ520 போர்டுகளுக்கு 3200ஜி, 3400ஜி அதிகாரப்பூர்வமாகக் கிடையாது. பயாஸ் சிப் 16 மெகாபைட் என்றால் புதியதைச் சேர்க்கும்போது சில பழைய ப்ராசஸர்களை நீக்கியிருப்பார்கள். போர்டு கம்பெனியின் சப்போர்ட் பட்டியலை வரிக்கு வரி பார்க்காமல் பணம் வாங்காதீர்கள்.

மாற்றும் முறை: பழைய ப்ராசஸர் இருக்கும்போதே பயாஸை ஏற்ற வேண்டும். ஃபேட்32-வில் ஃபார்மட் செய்த பென் டிரைவ் போதும், யுபிஎஸ் கட்டாயம். டிஸ்க்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் ஆனில் இருந்தால் ரெகவரி கீயை எழுதி வைத்துக்கொண்டோ அணைத்துவிட்டோ தொடங்குங்கள். ப்ராசஸர் மாறியதும், அந்தச் சாவிகளைக் காக்கும் எஃப்டிபிஎம் பகுதியை அழிக்கவா என்று ஒய் அல்லது என் கேட்கும், அவசரத்தில் ஒய் தட்டினால் பழைய சாவி போய்விடும். ஏஎம்4-ல் கால்கள் சிப்பில் இருக்கின்றன, 1331. பேஸ்ட் காய்ந்திருந்தால் ஹீட் சிங்க்கோடு சிப்பும் பிடுங்கிக்கொண்டு வரும், கால் வளையும். மெஷினைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி, அணைத்து, கரன்டைக் கழற்றி, ஹீட் சிங்க்கை இடமும் வலமுமாகத் திருகிய பிறகு மெதுவாகத் தூக்குங்கள். வளைந்த காலை 0.5 மெக்கானிக்கல் பென்சிலின் முனையைக் கோத்து நிமிர்த்தலாம். புதுச் சிப்போடு முதல் பூட்டில் ஒரு நிமிடம், சிலவற்றில் அதற்கும் மேல், திரை கருப்பாகவே இருக்கும். அது ரேமைப் பழக்கிக்கொள்ளும் நேரம், உடனே ஆஃப் செய்யாதீர்கள்.

டிஸ்ப்ளே வரவே இல்லை என்று வரும் கேஸ்களில் நிறைய இது: ரைசன் 5000 வரை பெயரின் கடைசியில் ‘ஜி’ இல்லாத டெஸ்க்டாப் சிப்பில் கிராபிக்ஸ் கிடையாது. இன்டெலில் ‘எஃப்’ இருந்தால் கிடையாது. ஸ்டூடியோவுக்கு ஜி சிப் கொடுத்தால் 16 ஜிபியை ஒரே ரேமாகப் போடாமல் 8 ஜிபி இரண்டாகப் போடுங்கள். கிராபிக்ஸுக்கும் அதே ரேம்தான், ஒரு வழிப் பாதையில் பாதி வேகம் போய்விடும். டேலி மட்டும் ஓடும் ஆபீஸுக்கு இந்த வேறுபாடு தெரியாது, அங்கே எஸ்எஸ்டிக்குச் செலவு செய்யுங்கள்.

செகண்ட்ஸில் விண்டோஸ் 11 கணக்குப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10 ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. இன்டெல் 8-ம் தலைமுறை, ரைசன் 2000 முதல்தான் பட்டியலில் வரும். 2200ஜி, 2400ஜி பெயரில் 2000 இருந்தாலும் உள்ளே இருப்பது முதல் தலைமுறை ‘ஸென்’ வடிவமைப்பு. எண்ணை நம்பாமல் மைக்ரோசாஃப்ட் பட்டியலில் தேடுங்கள்.

உண்மையான டூப்ளிகேட் என்றால் அது வேறு. 90-களில் பென்டியம் 133-ன் எழுத்தைச் சுரண்டி 166 என்று அச்சடித்து விற்றார்கள். இன்றும் மூடி மாற்றிய சிப், கம்பெனி சோதனைக்குக் கொடுத்த ‘இஎஸ்’ சிப் எல்லாம் சுற்றுகின்றன. மேலே அச்சிட்டிருப்பதைப் பார்த்து வாங்காமல் ப்ராசஸரை அடையாளம் காட்டும் சிபியு-இஸட் புரோகிராமைப் போட்டுப் பாருங்கள், இஎஸ் என்றால் பெயருக்குப் பக்கத்திலேயே காட்டும்.

கடைசியாக, பெங்களூரு எஸ்பி ரோட்டிலிருந்து ஐடி ஆபீஸ் கழிவாக வரும் பிராண்டட் மெஷின்களில் ரைசன் ப்ரோ இருந்தால் ஒரு எச்சரிக்கை. சில பிராண்டுகள் பிளாட்ஃபார்ம் செக்யூர் பூட் வழியாக அந்த ப்ராசஸரைத் தங்கள் போர்டுக்கே பூட்டிவிடுகின்றன. சிப்புக்குள் ஃபியூஸ் எரித்துச் செய்த பூட்டு, திறக்க வழியில்லை. சிப்பை மட்டும் கழற்றி வேறு கம்பெனி ஏஎம்4 போர்டில் போட்டால் கால் பொருந்தும், ஃபேன் சுற்றும், டிஸ்ப்ளே வராது. முழு மெஷினாக வாங்கினால் சிக்கல் இல்லை. தனிச் சிப்பாக ‘ப்ரோ’ வந்தால், கடையில் இருக்கும் வேறு போர்டில் உங்கள் கண் முன்னால் பூட் ஆகிக் காட்டிய பிறகு பணத்தை எடுங்கள்.